சீனாக் கொழுக்கட்டை

சித்தூரில் என் கணவருடைய அண்ணன் வீட்டில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே என் மகள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, இட்லி, எதுவும் உள்ளே போகவில்லை. பால் குடிப்பாள். வாழைப்பழத்தில் பாதி கடிப்பாள். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டால், "டம்ப்ளிங்" என்பாள்.

சிங்கப்பூரில் நானும் கணவரும் வேலைக்குப் போனபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் அவளைப் பார்த்துக்கொண்டார். வாரத்தில் பாதி நாள் ஆன்ட்டி வீட்டு மதியச் சாப்பாடு டம்ப்ளிங்தான். மைதா மாவை மெல்லிய தோலாகத் தேய்த்து, நடுவில் முட்டைக்கோசும் கோழிக்கறியும் வைத்து, பிறை போல மடித்து ஆவியில் வேகவைப்பார். தொட்டுக்கொள்ள, இஞ்சியை அரிந்து போட்ட ஒரு கறுப்புச் சாறு. சாயங்காலம் நான் குழந்தையை அழைத்துப் போக வரும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். நன்றாகச் சாப்பிட்டாள் என்று அர்த்தம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை. வீட்டுக்கு ஓடிச் சோறு வைக்கும் அவசரம் எனக்கு.

அந்த ஆன்ட்டிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓடும் குழந்தையின் பின்னால் இனி ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். என் கணவரும் அவருடைய அண்ணனும் போனில் பேசி முடிவு செய்தார்கள். குழந்தை ஒரு வருடம் சித்தூரில் பெரியம்மாவிடம் இருக்கும். நான் கொண்டுவந்து விட்டுவிட்டு, விடுப்பு முடிவதற்குள் தனியாகத் திரும்பிப்போய் வேலையில் சேர வேண்டும். சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான்தான். அந்த வேலையை விட எனக்கு மனமில்லை. குழந்தையை விடவும் மனமில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி, மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் வெச்சிக்கிறேம்மா. எனக்கின்னா, ரெண்டோட மூணு. ஆனா அது சோறு துன்னணும். துன்னாம எளைச்சிப் போச்சின்னா, பெரிம்மாகாரி கொயந்தய பட்டினி போட்டுட்டான்னு தெருவே பேசும். துன்ன வெச்சிட்டு நீ ஏரோப்ளேன் ஏறு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து என் குழந்தையின் ஒவ்வொரு வாய்ச் சோறும் எனக்குக் கணக்காகிவிட்டது. அவள் சாப்பிட்டால் நான் போக வேண்டும். சாப்பிடாவிட்டால் இருக்கலாம், ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போவாள். எதற்காக வேண்டிக்கொள்வது?

ஊரெல்லாம் புரட்டாசி விரதம் நடந்துகொண்டிருந்தது. ஏழுமலையானுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட வாசல் தாண்டாது. கோழிக்கறி இல்லாமல் டம்ப்ளிங் செய்ய வேண்டும். கோசும் கேரட்டும் போதும் என்று நானே முடிவு செய்தேன். பிறகு, அதனால்தான் சாப்பிட மறுக்கிறாளோ என்று நானே சந்தேகப்பட்டேன்.

முதல் முறை, பூரிக்குப் பிசைவது போல எண்ணெய் விட்டு மாவு பிசைந்தேன். உருட்டி, மடித்து, இட்லித் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து மூடினேன். திறந்து பார்த்தபோது எல்லாம் குழியின் வடிவத்துக்கு வந்திருந்தன. அடியில் ஒட்டிக்கொண்டு, மேலே மாவு வேகாமல் வெள்ளையாக நின்றது. ஒன்றைச் சுரண்டி எடுத்துப் பிட்டு, ஊதி, மகளின் வாயருகே கொண்டுபோனேன்.

"இது இட்லி" என்றாள். வாய் மூடிக்கொண்டது.

கறுப்புச் சாற்றுக்காகச் சித்தூர்க் கடைகளில் சோயா சாஸ் கேட்டபோது ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் திருப்பதிக்கே போவது என்று முடிவானது. குழந்தையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். வழியில் பாகாலா சந்திப்பிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. கோவிந்தா போட்டுக்கொண்டு வந்த ஒரு கூட்டத்துக்கு நடுவே, கையில் ஒரு துணிப்பையோடு, சீனச் சாறு வாங்கப் போகும் ஒரே பக்தை நான்.

திருப்பதியில் ஒரு பெரிய கடையில் சோயா சாஸ் பாட்டிலைத் தூசி துடைத்து எடுத்துக் கொடுத்தார்கள். "கறுப்பு வினிகர் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் தெலுங்கில், "தெல்லதே உந்தம்மா" என்று வெள்ளை வினிகரை நீட்டினார். குழந்தைக்கு என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "பில்லலு நூடுல்ஸ் திண்டாரு கதா, அதி பெட்டண்டி" என்று, அதைக் கொடுக்கச் சொல்லி ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தையும் சேர்த்துத் தள்ளினார். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் நூடுல்ஸ் சாப்பிடுகின்றன. என் பிள்ளை அதையும் தொடமாட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்ததும் முதலில் கேட்டது, "சாப்பிட்டாளாக்கா?"

"எங்க துன்னுச்சி? ரெண்டு தம்ளர் பாலு. காக்கா காட்டினேன், எருமை காட்டினேன். ஒங்க மாமா தோள் மேல தூக்கிகினு போயி ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டி காட்டினாரு. வண்டியப் பாத்து சிரிச்சிச்சே தவிர வாயத் தொறக்கல."

கவலையாக இருந்தது. அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. நான் இல்லாதபோது சாப்பிடவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். அதை நினைத்து அன்று முழுக்க என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது முறை தோலை மெல்லியதாகத் தேய்த்தேன். கோசு தண்ணீர் விட்டு, ஆவி பட்டதும் எல்லாம் வாய் பிளந்தன. ஓரகத்தி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, சீனாக் கொழுக்கட்டைக்கு பிரசவம் ஆயிட்டாப்பல கீது? எல்லாம் வெளிய வந்து கெடக்குது. இத்தினி வருசம் படிச்சிட்டு ஒரு கொழுக்கட்ட மூடத் தெரியலியா?"

"இது கொழுக்கட்டை இல்லக்கா."

"ஆவியில வெந்தா கொழுக்கட்டதான். அதுக்கு ஏன் இவ்ளோ கோவம்?"

சோயா சாஸில் இஞ்சியையும் வினிகரையும் கலந்தேன். வாசனை கிட்டத்தட்ட சரியாக இருந்தது. வாய் பிளந்ததில் கொஞ்சம் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொட்டு, மகளை மடியில் இருத்தி ஊட்டப் போனேன். வாசனைக்குத் தலையைத் தூக்கினாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பார்த்தேன். என் கை அருகே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசனை பிடிக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால், குறை என் கைப்பக்குவத்தில்தானே? உப்புக் கூடிவிட்டதா? இஞ்சி முற்றலா? ஒரு கப்பல் சரக்கின் கணக்கை ஒரு பைசா பிசகாமல் சரிசெய்பவள், இந்தக் கிண்ணத்தில் எது பிசகு என்று கண்டுபிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் போன் செய்தார். அங்கே வரிசையில் நின்று கார்டு போட்டுப் பேசும் போன்.

"எப்படிச் செய்றதுன்னு ஆன்ட்டிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். மாவுல எண்ணெ கூடாதாம். பெசஞ்சிட்டு ஈரத்துணி போட்டு மூடி வெக்கணுமாம். கோசுல உப்பு போட்டு நல்லா பிழிஞ்சிடணுமாம்."

"எவ்ளோ உப்பு?"

"அளவுலாம் கெடையாதாம். கைதானாம்."

"இஞ்சி?"

"முடி மாதிரி அரியணுமாம். புளிப்புக்கு வெள்ள வினிகரே போதுமாம், ஒரு சிட்டிக சக்கர போடச் சொன்னாங்க. இன்னும் ஏதோ சொன்னாங்க. அது சமையல் கெடையாது, வுடு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. கொயந்த துன்னுதா இல்லியா? எனக்கு ஆபீஸ்ல டிக்கெட்டுக்கு சொல்லணும்."

"பாக்கலாம்" என்றேன்.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத ஆத்திரம். எண்ணெய் இல்லாமல் பிசைந்த மாவு துணிக்கடியில் பட்டு மாதிரி ஆகியிருந்தது. கோசைக் கை வலிக்கப் பிழிந்தேன். ஓரங்களைத் தண்ணீர் தொட்டு மடித்தேன். இட்லித் தட்டை விட்டுவிட்டு, ஈரத்துணி விரித்து அதன் மேல் அடுக்கினேன். மூடியைத் திறந்தபோது ஒன்றுகூட வெடிக்கவில்லை. உள்ளே இருந்த கேரட்டின் நிறம் தோல் வழியே தெரிந்தது. ஆன்ட்டி வீட்டு மேசையில் வைத்தால் அவரே தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருப்பார். இஞ்சியை முடி மாதிரி அரிந்து, சாறு கலந்தேன். ஓரகத்திக்கு அந்தக் கறுப்புத் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லை. தன் பங்குக்கு இஞ்சியோடு புளியும் வெல்லமும் மிளகாயும் சேர்த்து அல்லம் பச்சடி அரைத்து இன்னொரு கிண்ணத்தில் வைத்தார். "அதுவும் இஞ்சி, இதுவும் இஞ்சி" என்றார்.

மகளை மடியில் வைத்தேன். ஒன்றைப் பிட்டேன், ஊதினேன், தொட்டேன். "ஆ சொல்லு கண்ணு." உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். ஓரகத்தி வந்து ஜன்னலில் காக்கையைக் காட்டினார். ஓரகத்தியின் கணவரான மாமா சாவிக்கொத்தை ஆட்டினார். நான் தாடையைப் பிடித்தேன். அவள் அலறினாள். வாய்க்குள் வைத்த துண்டு அப்படியே என் புடவையில் விழுந்தது.

அவளைத் தரையில் இறக்கினேன். தட்டையும் கிண்ணங்களையும் கூடத்தில் அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், மாவு ஒட்டிய துணியைக் கல்லில் போட்டுத் தேய்த்தேன். தேய்க்க வேண்டியதைவிட அதிகமாகத் தேய்த்தேன். மாவும் சரி, உப்பும் சரி, இஞ்சியும் சரி. இனி என்னதான் பாக்கி?

பள்ளிக்கூடம் விட்டு ஓரகத்தியின் பெண்ணும் பையனும் வந்த சத்தம் கேட்டது. பையைப் போட்டுவிட்டு டிவியை வைத்தார்கள். துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும்.

மூன்று பிள்ளைகளும் தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் பச்சடியில் தொட்டுத் தின்றாள், சின்னவன் இரண்டு கையிலும் வைத்திருந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் டிவியில். என் மகள் ஒரு டம்ப்ளிங்கை முழுசாகக் கைக்குள் பிடித்து, கறுப்புச் சாறு இருந்த கிண்ணத்தை இன்னொரு கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முக்கினாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கடித்தாள். மென்றாள். மறுபடி முக்கினாள். இதை அவள் பலமுறை செய்து பழகியிருக்கிறாள் என்பது அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஓரகத்தி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அடிப்பாவி, தானே துன்னுது பாரு! இத்தினி நாளு நம்பள பைத்தியக்காரியா ஆக்கிட்டுகீது." சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்துக்கிறேம்மா. இந்தச் சீனாக் கொழுக்கட்டய கத்துக்கிறேன். நீ நிம்மதியா போயிட்டு வா."

போன் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"இன்னா ஆச்சி?" என்றார் கணவர். "இன்னிக்காவது துன்னாளா? ஆபீஸ்ல பதில் கேக்கறாங்க."

துன்னவில்லை என்று ஒரு சொல் சொன்னால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். வாயில் வந்துவிட்டது. அதற்குள் கூடத்திலிருந்து மூத்தவள் கத்தினாள்.

"சித்தீ! பாப்பா இன்னும் ரெண்டு கேக்குது!"

"துன்னுதா!" என்று அவர் அந்தப் பக்கம் சிரித்தார். "எப்படி?"

"நான் ஊட்டினா துன்னல. தட்ட வெச்சிட்டு வந்துட்டேன். தானே எடுத்துத் துன்னுது."

"அட ஆமா. ஆன்ட்டி அதத்தானே சொன்னாங்க. அவங்க ஊட்டறதே இல்லியாம். தனிக் கிண்ணம் வெச்சிட்டு அவங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்களாம். பக்கத்துல குந்திகினு பாத்தா துன்னாதாம்."

"அதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீ எப்படிச் செய்றதுன்னுதானே கேட்ட? இது சமையல் இல்லியேன்னு வுட்டுட்டேன்."

திருப்பதி வரை போய் வந்தேன். அரைமூட்டை மைதாவைப் பிசைந்தேன். என் குழந்தை எப்படிச் சாப்பிடுவாள் என்பது, நான் கேட்காததாலும் இவர் சொல்லாததாலும், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது. கத்த வேண்டும் போல் இருந்தது. கூடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், மாமா இருந்தார்.

"அப்போ டிக்கெட் போட்டுடச் சொல்றேன்" என்றார்.

"ம்."

பாத்திரத்தில் கடைசியாக இரண்டு இருந்தன. எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் வைத்தேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கிண்ணத்துக்குப் போன கை பாதியில் நின்றது. நான் நகர்ந்தால்தான் சாப்பிடுவாள் என்று தெரியும். தெரிந்தும், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.