அக்காவுக்கு ஒரு கேலிப்பாட்டு

என் அக்கா ஹெர்போர்க்கின் தலையில் பதினோரு வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அரசாங்கமே விமானச் சீட்டு வாங்கிக் கொடுக்கிறது. பார்வையில்லாத நீச்சல்காரர்களுக்குச் சுவர் நெருங்குவது தெரியாது. அதனால் நீளமான குச்சியின் நுனியில் மெத்தென்று ஒரு பந்தைக் கட்டிக்கொண்டு கரையில் நின்று தலையில் தட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மற்ற நாட்களில் படகு இயந்திரம் பழுது பார்க்கிறேன். சின்ன வயதில் அவள் என்னைச் சாத்திய சாத்துக்கு இது கொஞ்சம்கூடப் போதாது.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. பிறவியிலேயே பார்வை கிடையாது. மீன் ஆலை அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள். ஆனால் ஊர் அவளுக்குப் பயப்படுவது அதற்காக அல்ல. டென்மார்க்குக்குக் கீழ்ப்பட்ட எங்கள் ஃபாரோ தீவுகளில் யாராவது அசடு வழிந்தால் அவர் பேரில் பாட்டுக் கட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் எல்லோரும் கைகோத்து வட்டமாக மிதித்து ஆடும்போது, அகப்பட்டவரை இரண்டு பலசாலிகள் இருபுறமும் பிடித்துக்கொள்வார்கள். கடைசிக் கண்ணிவரை அவரும் ஆடித்தான் தீர வேண்டும். எங்கள் ஊரில் அந்த மாதிரிப் பாட்டுக் கட்டுவதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. வலது காலை விந்தி நடக்கும் தபால்காரர் ஹானுஸ், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடு மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கயிறு கட்டி மலைச்சரிவில் இறங்கி ஒரு வெள்ளைப் பாறையைக் காப்பாற்றப் போனார். அவர் மேலே ஏறி வருவதற்குள் அக்கா பாதிப் பாட்டை முடித்துவிட்டாள்.

அவள் பேரில் மட்டும் இதுவரை யாரும் பாட்டுக் கட்டவில்லை.

போன அக்டோபரில் ஒரு பெரிய சர்வதேசப் போட்டிக்குப் போனோம். ஒலிம்பிக்ஸ் என்றால் எங்கள் ஆட்கள் டென்மார்க் கொடியின் கீழ்தான் போக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் போட்டியில்தான் எங்களுக்குச் சொந்தக் கொடி. மொத்த அணியே மூன்று பேர். வாசலில் இருந்தவர் பட்டியலில் எங்கள் நாட்டைத் தேடிக் களைத்துப்போய், "டென்மார்க்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். "போட்டுத்தான் பாரேன்" என்றாள் அக்கா. அவர் மறுபடி தேடினார்.

அக்கா தூரத்தை எண்ணுவது பாட்டால். எங்கள் ஊர்க் குளம் இருபத்தைந்து மீட்டர். வட்டத்தில் பாடும் பழைய கதைப்பாட்டில் ஒரு கண்ணி, பல்லவி ஒரு தடவை, சுவர் வந்துவிடும். போட்டிக் குளம் ஐம்பது மீட்டர். ஆகவே இரண்டு கண்ணி, இரண்டு பல்லவி.

"குச்சிமேல கொஞ்சம் நம்பிக்க வையேன் அக்கா. நான் தட்டினப்புறம் திரும்பு" என்று கெஞ்சினேன்.

"நீ கொட்டாவி விட்டுட்டு நிப்ப. பாட்டு கொட்டாவி விடாதுடா, தோர்மோட்."

நூறு மீட்டர். ஐம்பதில் ஒரே ஒரு திருப்பம். அக்கா பாய்ந்தாள். முப்பது மீட்டர்வரை மூன்றாவதாக வந்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுக்கும் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பல்லவியை விழுங்கிவிட்டாள். சுவருக்கு எட்டு மீட்டர் முன்னாலேயே அழகாகக் குட்டிக்கரணம் போட்டு, இல்லாத சுவரை ஓங்கி உதைத்தாள். என் குச்சி அவ்வளவு தூரம் எட்டாது. நடுவில் வழி சொல்லவும் விதியில் இடமில்லை. அக்கா தண்ணீரில் நிமிர்ந்து நின்று இரண்டு கைகளாலும் சுவரைத் துழாவினாள். பிறகு ஒருவழியாக என் பக்கம் வந்து சேர்ந்தாள். நான் தலையில் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே. எட்டுப் பேரில் எட்டாவது.

கரையேறியதும் அழுவாள் என்று துண்டோடு ஓடினேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்திருந்தது. "இதுக்கு ஹானுஸ் பாட்டு கட்டலேன்னா அவன் மனுஷனே இல்லடா! பன்னண்டு வருஷமா காத்திட்டிருக்கான்!"

ஊருக்குத் திரும்பினோம். படகுத் துறையில் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நின்றார்கள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் தடவிய கேக் இருந்தது. போட்டியை எல்லோரும் நேரலையில் பார்த்திருந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹெர்போர்க் நம்ம எல்லாருக்கும் ஒரு உதாரணம்" என்றார்.

"எதுக்கு உதாரணம்? செவுரில்லாத எடத்துல திரும்பறதுக்கா?" என்று என் காதில் கேட்டாள் அக்கா.

கடையில், தேவாலயத்தில், எங்கே போனாலும் "பாவம், எவ்வளவு நல்லா நீந்தினே!" என்றார்கள். ஹானுஸ் கடிதம் கொடுத்துவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் முடிந்து ஆட்டக் காலம் தொடங்கியது. காரைப் பின்னால் எடுத்துக் கடலில் இறக்கிய பாதிரியாருக்கே இருபது கண்ணி கிடைத்தது. அக்காவுக்கு ஒரு வரி இல்லை.

பாதிரியார் பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீச்சல் பையைத் தூக்கிப் பரணில் எறிந்தாள்.

"அடுத்த வருஷம் நான் போகல. பாவம்னு கை தட்டறவங்களுக்காக நான் நீந்தணுமா?"

"ஹானுஸ்கிட்ட நான் வேணா ஒரு வார்த்த..."

"கேட்ட, கழுத்தத் திருகிடுவேன். கேட்டு வாங்கறது கேலியாடா? அதுவும் பிச்சதான்."

எனக்குக் கோபம் வந்தது, ஊர்மேல். நானும் அந்த ஊர்தானே என்பதும் உறைத்தது. மூன்று மாதமாக நானும் அவளிடம் பூப்போலத்தான் பேசியிருந்தேன்.

பிப்ரவரியில் ஹானுஸ் தன் படகு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அக்கா மிரட்டியிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் சுற்றிச் சுற்றி வந்து சொன்னார். "எழுதி வெச்சிருக்கேன் தம்பி. துறைமுகத்துல நீங்க எறங்கறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேன். ஆனா பாட முடியாது. கண்ணு தெரியாத பொம்பளையக் கேலி பண்றான்னு ஊரு என்னைக் காறித் துப்பும்."

"அவ உங்களப் பாடினப்ப உங்க கால் ஊனம்னு யோசிச்சாளா?"

ஹானுஸ் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார். இயந்திரத்துக்கு என்ன கோளாறு என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார்.

தவக்காலத்துக்கு முந்தின திங்கட்கிழமை, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சாயங்காலமே மண்டபம் நிறைந்துவிட்டது. இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஓர் அடி, பலகைத் தரை அதிர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆர்வமில்லாமல் மிதித்தாள். திடீரென்று துறைமுகத்துத் தடியன்கள் இரண்டு பேர் என்னைத் தள்ளிவிட்டு அவளுக்கு இருபுறமும் புகுந்தார்கள். அவர்கள் கை பட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தை நான் பார்த்தேன்.

ஹானுஸ் தொடங்கினார். நான்காவது கண்ணியில் விஷயத்துக்கு வந்தார்:

சுவரில்லா இடத்தில் திரும்பினாள்,
தண்ணீரை உதைக்க விரும்பினாள்;
கண்ணில்லாக் குறையோ அது...

மண்டபம் சட்டென்று அடங்கியது. நூறு கால்கள் தடுமாறின. ஊர்த்தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். ஹானுஸின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வரி அவர் வாயிலேயே நின்றது.

அந்த அமைதியில் ஒரே ஒரு கால் மட்டும் தரையை ஓங்கி மிதித்தது. இரண்டு அடி இடது, ஓர் அடி வலது.

"பாடுடா, ஹானுஸ்! நின்னுட்டா எப்படி?" என்று கத்தினாள் அக்கா.

ஹானுஸ் நின்ற இடத்திலிருந்து பாடினார்:

காது கொடுக்காத் திமிரல்லவா!

மண்டபம் வெடித்தது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குச்சிக்காரத் தம்பி கரையில் தவித்ததற்கு மூன்று கண்ணி, நான் அங்கிருந்தே ஊருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்த வாசல்காரருக்கு ஒன்று, விக்கலுக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அக்காவின் முகம் கோணியது, சிவந்தது. நிஜமாகவே அவளுக்கு வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

முப்பதாவது கண்ணியோடு பாட்டு முடிந்தது. தடியன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கையை விட்டார்கள். அக்கா விடவில்லை. இரண்டு பேரையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இழுத்துப் பார்த்தும் கை வரவில்லை.

"முதல்லேர்ந்து" என்றாள்.