கூடப்பிறந்தவள் சாட்சி

அவீவா மனஷேயை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் அரபு வழக்கப்படி மூத்த மகன் பெயரைச் சேர்த்து ‘யோராம் அம்மா’ என்போம். வேறு யூதப் பெண்ணாக இருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். இவருக்கு அது பிடிக்கும். பாக்தாதில் பிறந்து கைக்குழந்தையாக இஸ்ரேலுக்கு, இந்த ஹைஃபாவுக்கு வந்தவர். அவருடைய அம்மா சாகும்வரை அரபியில்தான் திட்டினாள், அரபியில்தான் கொஞ்சினாள். வீட்டில் வைத்த பெயர் ஹபீபா. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரே நாளில் அதை ஹீப்ருவில் அவீவா ஆக்கிவிட்டாராம்.

முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஓய்வு பெற்ற அடுத்த குளிர்காலத்தில், செருப்புக் கடைக்கு மேலே இருந்த எங்கள் சின்ன அறைக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அங்கே நாங்கள் நாலு பேர், இரண்டு யூதர், இரண்டு அரபியர். நான் ரவ்தா, பள்ளியில் கணக்கு டீச்சர். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், அரபியருக்குத் தரமாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வழக்குப் போட உதவிக்கொண்டிருந்தோம். அப்படி மறுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் மறுத்ததை நிரூபிக்க வேண்டுமே, அங்கேதான் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும்.

“எங்க மாடிப்படியில ஒரு அரபி நர்ஸ் பொண்ணு நின்னு அழுதுக்கிட்டிருந்தா,” என்றார் யோராம் அம்மா, உட்காராமலே. “வீடு போயிடுச்சுன்னு வீட்டுக்காரன் சொல்லிட்டானாம். நான் உடனே அந்த ஆளுக்கு போன் பண்ணேன். ‘இருக்கும்மா, சாயங்காலம் வாங்க’ங்கறான். எத்தனை மணிக்குச் சொன்னான், என்ன வார்த்தை சொன்னான், எல்லாம் எழுதிட்டு வந்திருக்கேன். இந்தா.”

அன்றிலிருந்து அதுவே அவர் வேலையானது. யாருக்காவது வீடு மறுக்கப்பட்டால் எங்களிடம் சொல்வார்கள். கால் மணி நேரத்தில் இவர் தனக்கு வீடு வேண்டும் என்பதுபோல் அதே எண்ணுக்குப் பேசுவார். குரலில் தேன் வழியும். வீட்டுக்காரர்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

“முன்னாடி யாராவது கேட்டாங்களா?”

“ஒரு அரபிக் குடும்பம் கேட்டுச்சு. நமக்கு எதுக்குங்க அந்தச் சமையல் வாசனையெல்லாம்?”

“எங்க வீட்லயும் அதே வாசனைதான் வரும், பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டு, எதிர்முனை திணறுவதைக் கேட்டபடி எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

மூன்று வருடத்தில் நாற்பது வீடுகளுக்கு மேல். ஒன்பது வழக்குகளில் ஜெயித்தோம்.

நாலாவது வருடம் லுப்னாவும் பாஸிலும் வந்தார்கள். அவன் பொறியாளன், அவளுக்கு ஆறாம் மாதம். போனில் வீடு உண்டு என்று சொன்னவர், பெயரைக் கேட்டதும் இல்லை என்றிருக்கிறார். எண்ணைச் சீட்டில் எழுதி யோராம் அம்மாவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், போனைத் தொடவில்லை. சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“அது எங்க அம்மா வீடு, ரவ்தா. இப்ப எஸ்ராவோடது.”

எஸ்ரா அவருடைய ஒரே தம்பி. மரச்சாமான் கடை வைத்திருந்தார். பிள்ளைக்கென்று அம்மா எழுதி வைத்த வீடு.

“இதை விட்டுடலாம்,” என்றேன்.

“நாற்பது பேரை விட்டேனா? வா, நீயும் கூட வா. அவன்கிட்ட பேசிப் பாப்போம்.”

எஸ்ரா எங்களுக்கு ஏலக்காய் போட்ட தேநீர் கொடுத்தார். அக்காவைப் போலவே குண்டு முகம், சிரித்த கண். கேட்டதும் ஒளிக்கவே இல்லை.

“ஆமா, தரமாட்டேன்னுதான் சொன்னேன். எனக்கு அவங்க மேல என்ன கோபம்? கடையில என்கிட்ட வேலை பாக்கறவங்கள்ல பாதிப் பேர் அரபிதான். ஆனா மேல் வீட்டுக்காரன், கீழ் வீட்டுக்காரன் எல்லாம் என்னைப் பிச்சு எடுத்துடுவான்க்கா.”

“அம்மாவுக்கு உடம்பு முடியாம போனப்ப ராத்திரி பகலா பாத்துக்கிட்டது யாரு? எதிர் வீட்டு ஜமீலாதானே? அவ யாரு?”

“அது அந்தக் காலம்.”

“எஸ்ரா, வீட்டைக் குடுத்துடு. வழக்கு வேண்டாம்னு நானே எழுதி வாங்கித் தர்றேன். குடுக்கலைன்னா நீ சொன்னதை நான் கோர்ட்டுல சொல்ல வேண்டியிருக்கும்.”

அவர் சத்தமாகச் சிரித்தார். “நீயாவது, சொல்றதாவது! தேநீரைக் குடி, ஆறுது.”

எங்கள் வழக்கறிஞர், கூடப்பிறந்தவள் சாட்சி சொன்னால் வேறு எதுவும் வேண்டாம் என்றார். எஸ்ரா சொன்னதை நானும்தான் கேட்டேன். நான் சாட்சி சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரபிக்காரி வந்து அரபிக்காகப் பேசுகிறாள் என்பார்கள், வழக்குத் தோற்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கோர்ட்டில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்ராவின் வக்கீல் கேட்டார்: “இந்த வீடு விஷயமா உங்களுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் உண்டா?”

“கிடையாது.”

“தம்பியைப் பிடிக்காதா?”

“நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்,” என்றார் யோராம் அம்மா. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்ரா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜெயித்தோம். பத்திரிகையில் நாலு வரி வந்தது. யோராம் அம்மாவின் தபால் பெட்டியில் யாரோ ‘துரோகி’ என்று கீறி வைத்தார்கள். எஸ்ரா மகன் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. யோராமே அம்மாவிடம் ஒரு மாதம் பேசவில்லை. லுப்னாவும் பாஸிலும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை பிறந்ததும் ஜெர்மனிக்குக் கிளம்பினார்கள். யோராம் அம்மாவிடம் விடைபெற வந்த லுப்னா ஒரு தட்டு இனிப்பைக் கொடுத்துவிட்டு, “எங்களால உங்க குடும்பம்…” என்று ஆரம்பித்தாள். “உன்னால ஒண்ணும் இல்ல கண்ணு. குழந்தைக்குக் குல்லா போடு, அங்க குளிரும்,” என்று வாயை அடைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்காரருக்கும் போன் பேசவில்லை. அறைக்கு வருவார், கோப்பைகளைக் கழுவி வைப்பார், போவார்.

நாலு வருடம் கழித்து எஸ்ராவுக்குக் கணையத்தில் புற்றுநோய். யோராம் அம்மா ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “திரும்பாட்டியும் காது கேக்கும்ல? நான் பாட்டுக்குப் பேசிட்டு வந்தேன்,” என்றார் என்னிடம்.

எஸ்ரா இறந்தார். யூத வழக்கப்படி இறந்த வீட்டில் கூடப்பிறந்தவர்கள் ஏழு நாள் துக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். எஸ்ராவின் மனைவி இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். யோராம் அம்மா தன் வீட்டுக்குத் திரும்பி, சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, தரையில் மெத்தை போட்டுத் தனியாக உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். துக்கம் கேட்க வருபவர்கள் தட்டக்கூடாது, தானாக நுழைய வேண்டும். நுழைய ஆளில்லை. செருப்புக் கடைக்காரர் ஒரு நாள் வந்தார். நான் தினமும் பள்ளி விட்டதும், எங்கள் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போவேன். யோராம் கடைசி நாள்தான் வந்தான். வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் அவரிடம் சொன்னேன். “அன்னைக்கு நானும் கேட்டேன், யோராம் அம்மா. நான் சாட்சி சொல்லியிருக்கலாம். சொல்லாம விட்டுட்டேன்.”

காப்பியைக் கீழே வைத்தார்.

“சொல்லியிருக்கலாம்தான்,” என்றார். “தோத்தாலும் தோத்திருக்கும். ஆனா தம்பி இருந்திருப்பான்.”

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் மறுநாளும் போனேன். காப்பியை வாங்கிக்கொண்டார்.

எங்கள் அறையைப் போன வருடம் காலி செய்தோம். வழக்குகள் வருவதில்லை. வீட்டுக்காரர்கள் தேறிவிட்டார்கள். அரபிக்குத் தரமாட்டேன் என்று இப்போது எவனும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்கிறான், பிறகு போனை எடுப்பதில்லை. அதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

யோராம் அம்மாவுக்கு இப்போது காது மந்தம். நான் வாரம் ஒரு முறை போய்ச் சந்தைச் சாமான் வாங்கிக் கொடுக்கிறேன். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. போன வாரம் கத்தரிக்காய் முற்றல் என்று என்னைத் திட்டினார்.