நடக்கும் தரையில் ஒரு தேத்தண்ணிக் கடை

தேத்தண்ணிக் கடைக்காரருக்குப் பால் திரியும், விறகு நனையும். கடற்கரையில் கடை போட்டவருக்கு இவற்றோடு தரையும் நடக்கும். கடை வைத்துக் கஷ்டப்படுகிறவர்கள் உங்களில் இருந்தால், கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

நாற்பது காலடி

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஜனவரியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நான் கடை போட்டதும் அப்போதுதான். தண்ணீரிலிருந்து நாற்பது காலடி எண்ணி, நாலு கம்பு நட்டு, கிடுகு வேய்ந்தேன். முன்னால் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு பரந்து கிடந்தது. கடை வாசல் முத்தம் என்றால் துப்புரவாக இருக்க வேண்டாமா? கைக்குழந்தையை ஏணையில் போட்டுவிட்டு, இரண்டு நாள் இருந்து வேரோடு பிடுங்கி, பெருக்கி அள்ளியும் விட்டேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் என் வீட்டுக்காரர் நியாஸின் போட் இறங்காது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டியது இந்தக் கடையால்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே முதல் பிளேன்டீயை நீட்டினேன். சிலாபம் பக்கமிருந்து வந்து, வலை வைக்க ஒரு வாடிக் குடிசை போட்டிருக்கும் அன்ரன் அண்ணன் கடலையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்ல இடந்தான் தங்கச்சி. ஜூலையில நான் போட்ல இருந்து இறங்காமலே டீ வாங்கலாம்.”

கரையாத சீனி

மே மாதம் தென்மேற்கிலிருந்து காற்று எழும்பியது. எழும்பியது காற்று மட்டுமில்லை. காலையில் வந்து பார்த்தால் ஆட்கள் இருந்து டீ குடிக்கிற வாங்கின் கால் பாதி மண்ணுக்குள். அடுப்பை நான் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருக்கும் அன்ரன் அண்ணனின் வலை வாடிக்குள் மட்டும் ஒரு பிடி மண் இல்லை. ஒரே காற்றுத்தானே, அதென்ன பாரபட்சம் என்று போய்ப் பார்த்தேன். வாடிக்கு முன்னால் அடம்பன் கொடி அப்படியே கிடந்தது. பறந்து வந்த மண்ணெல்லாம் அதற்குள் சிக்கி, இடுப்பளவு மேடாக நின்றது.

கடைக்குத் திரும்பினால், நியாஸின் கூட்டாளி றிஸ்வி டீயைக் குடித்து முடித்துக் கோப்பையின் அடியைக் காட்டினான்.

“ராத்தா, நீங்க போட்ட சீனி கரைஞ்சிட்டுது. மத்தது கரையுதில்ல.”

தோளில் போன கடை

பிறகு கடல் தொடங்கியது. நாளுக்கு ஒரு தடி நட்டு வைத்துப் பார்த்தேன்; மறுநாள் தடியைக் காணோம். நாற்பது காலடி இருபதாகி, ஏழாகியது. அடம்பன் மேட்டையும் கடல் கடித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மென்று மென்று தின்றது, என் முத்தத்தில் அள்ளி விழுங்கியது. ஒரு பின்னேரம் முன் கம்பின் அடியை அலை நக்கிவிட்டுப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை போனால் அந்தக் காற்றுக்காலம் முழுக்க அடுப்பில் என்ன வைப்பேன்?

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஆறு பேர் எழும்பி வந்தார்கள். கம்புகளைப் பிடுங்கி, போட் தள்ளுகிற மாதிரியே சத்தம் போட்டு, கூரையோடு கடையைத் தோளில் தூக்கினார்கள். நான் பிள்ளையை இடுப்பிலும் கேத்தலைக் கையிலும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அன்ரன் அண்ணனின் வாடிக்குப் பக்கத்தில், அடம்பன் மேட்டுக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார்.

“எங்கட ஊர்ல கடைக்கு நாங்க போவோம். இங்க கடை எங்களோட வருது.”

முத்தம் போன இடம்

அவ்வளவு மண்ணும் எங்கே போனது? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். காற்றுத் தணிந்த ஒரு நாள் கடலுக்குப் போன றிஸ்வி, நேரம் சென்று, இடுப்பு வரை நனைந்து வந்தான். வடக்கே, போன வருசம் ஆழமாகக் கிடந்த இடத்தில் புதிதாக ஒரு மண் திட்டாம். போட் அதில் ஏறி நின்றுவிட்டதாம்.

“ஒங்கட முத்தம் அங்கதான் கிடக்குது ராத்தா. போய்ப் பெருக்கிட்டு வாங்க.”

நியாஸின் ஆசை

டிசம்பரில் கடல் அடங்கி, பழைய இடத்தில் மண்ணைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தைந்து காலடி. மிச்சம் ஐந்தை இன்னும் தேடுகிறேன். கடையைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுபோவோம் என்று நியாஸ் பிடிவாதமாக நின்றார். நான் அடம்பன் கொடியை முழ முழமாக வெட்டி அவர் கையில் கொடுத்து, பழைய முத்தம் முழுக்க நடச் சொன்னேன். வாங்குகளை மட்டும் முன்னுக்குப் போட்டேன். குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்:

“ஜனவரியில இதப் பிடுங்கின கை எது, இடதா வலதா?”

இப்போதெல்லாம் கடைக்கு வழி கேட்கிறவர்களிடம், எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கடலிலிருந்து எத்தனை காலடி என்று சொல்கிறேன்.