ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த பெயர்

இணைய ஒயரைப் பொருத்தும் நெட்வொர்க் கார்டைச் செருகினால் என் மடிக்கணினி தாழ்ந்த குரலில் ஒரே ஒரு ‘பீப்’ கொடுக்கும். இது என்னவென்று தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அடையாளம் தெரிந்து வேலைக்கும் தயாராகிவிட்டால் உரத்து இரண்டு முறை கத்தும். அந்த இரண்டு சத்தத்துக்காக ஐந்து நாள் காத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பிறை என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது எனக்கு வேலை போனது. பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் அறை. மழை பெய்தால் பாயைச் சுவரோரம் நகர்த்திக்கொள்வேன். தொழிற்சாலையில் மூன்று வருடம் என் பக்கத்தில் இருந்து வேலை செய்தவள் சிங்கப்பூருக்குப் போய்விட்டாள்.

“அங்க வேலைல உனக்கு எடம் இருக்கான்னு கேட்டு ஈமெயில் போடுறேன். வருவியா, இல்ல வழக்கம்போல வேற பக்கம் ஓடிருவியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் சிரித்து வைத்தேன். பதினான்கு வயதில் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டதிலிருந்து வேறெந்த ஊரிலும் நான் மூன்று வருடம் தங்கியதில்லை. பினாங்கில் தங்கியது அவளால்தான். அதைச் சொல்லவில்லை.

கீழே கடையிலேயே ஈமெயிலைப் பார்த்திருக்கலாம். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் கேம் விளையாட வரும் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் நின்று உரக்கப் படிப்பார்கள். அவள் பதிலை அப்படிப் படிக்க எனக்கு மனமில்லை.

“தம்பி, என் கம்ப்யூட்டர்ல பேயா இருக்கு? உக்காந்து பாத்துட்டுப் போயேன்,” என்றார் கடைக்கார அக்கா.

“ரூம்ல பாத்துக்கிறேன்க்கா.”

“அப்ப லவ் லெட்டர்தான் அது. சரி, மாடிக்கு ஒயர் இழுத்துக்கோ.”

மடிக்கணினியும் கார்டும் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. உள்ளே ஓடியது விண்டோஸ் இல்லை, யூனிக்ஸ். தொழிற்சாலையின் சோதனை மேசையிலும் அதுதான் என்பதால் கட்டளைகள் கைக்குப் பழகியிருந்தன. கார்டின் மேல் ஸ்டிக்கரில் இருந்த பெயரை, மடிக்கணினிக்குத் தெரிந்த கார்டுகளின் பட்டியல் கோப்பில் சேர்த்தேன். தாழ்ந்த பீப். அந்தப் பெயருக்குப் பட்டியலில் இருந்த டிரைவர்களை, கார்டை இயக்கும் நிரல்களை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். அதே பீப்.

சனிக்கிழமை காலை எரிச்சலில் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு கம்பெனியின் ஸ்டிக்கர் இருந்தது.

தொழிற்சாலையில் எங்கள் வேலையே அதுதான். ஒரே கார்டுக்குத் திங்கட்கிழமை ஒரு கம்பெனியின் ஸ்டிக்கர், செவ்வாய்க்கிழமை வேறொன்று. அவள் ஒரு கார்டைத் தூக்கிப் பிடித்து, “இன்னிக்கு உன் பேரு என்னாடி?” என்று கேட்பாள். அவளோடு உட்கார்ந்து மூன்று வருடம் ஒட்டிய நான், சந்தையில் வாங்கிய ஸ்டிக்கரை நம்பியிருக்கிறேன்.

கார்டின் நினைவகத்தில் பதிந்திருப்பதைப் படிக்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தேன். இரண்டு ஸ்டிக்கரிலும் இல்லாத மூன்றாவது பெயர் வந்தது. அதைக் கோப்பில் எழுதி, அந்தப் பெயருக்குரிய டிரைவரைச் சேர்த்து, கார்டைக் கழற்றிச் செருகினேன். இரண்டு முறை கத்தியது.

அவளிடமிருந்து இரண்டு ஈமெயில் வந்திருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ். முதலாவது திங்கட்கிழமை எழுதியது. “ஒரு எடம் இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பாங்களாம். வரேன்னு ஒரு வார்த்தை போடு.” இரண்டாவது முந்தின நாள் மாலை எழுதியது. “வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எங்க ஓடினியோ, நல்லா இரு.”

நான் ஓடவில்லை, கார்டு வேலை செய்யவில்லை என்று பதில் எழுதினேன். திரும்பப் படித்தபோது எனக்கே பொய் போல இருந்தது. அப்படியே அனுப்பினேன்.

“லெட்டர் வந்துச்சா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“வந்துச்சுக்கா.”

அதன் பிறகு மூன்று வாரம் அந்த ஒயரைக் கழற்றவில்லை. அவளிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு ஈப்போவுக்குப் போகும் லாரி ஒன்றில் ஏறினேன்.