மல்லாட்டைத் தோல்

மாடித் தொட்டிகளில் மண் காயாமலிருக்க மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, பரப்பித் தண்ணீர் தெளித்தேன். நனைந்த தோலின் வாசனையில் நான் வளர்ந்த ஒலக்கூர் வீடு வந்துவிட்டது.

அங்கே அப்பாவின் தங்கை, என் அத்தை, கனகாம்பரச் செடிகளின் அடியில் இப்படித்தான் தோலைக் கொட்டிவைப்பாள். திண்டிவனத்திலிருந்து என் பள்ளித் தோழர்கள் வரவிருந்த அன்று, பார்த்தால் குப்பைமேடு என்பார்களே என்று அத்தனையையும் கூட்டி எரித்துவிட்டேன். பங்குனி வெயில். ஒரே வாரத்தில் செடிகள் கருகின.

“தண்ணிகூட ஊத்தாம இன்னா பண்ணிக்கினு இருந்த?” என்று அப்பா அத்தையைத் திட்டினார்.

அத்தை வேலியோரச் சாம்பலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மறந்துட்டேண்ணா.”

மாடியில், கடைசித் தொட்டியிலும் தோலைப் பரப்பினேன்.

“இதெல்லாம் யாருப்பா கத்துக்குடுத்தாங்க?” என்று பக்கத்தில் நின்ற என் மகள் கேட்டாள்.

“யூடியூப்ல பாத்தேன்” என்றேன்.