தண்ணித் தொட்டியின் நிழல்

1. வெயிலில் ஒரு பாடம்

நான் தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நிழலை வைத்து உயரம் கண்டுபிடிக்கும் அளவுக் காரணிப் பாடத்துக்குக் கொடிக்கம்பத்தை அளக்கச் சொல்வது வழக்கம். அதன் உயரம் பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்த விடைக்குக் கணக்குப் போட யாருக்கு மனசு வரும்? அதனால் ஏழாம் வகுப்பை வெயிலில் இறக்கி, காம்பவுண்டுக்குள் நிற்கும் மேல்நிலைத் தொட்டியைக் காட்டினேன். நாலு தூண் மேல் நிற்கும் கிழட்டுத் தொட்டி. உப்புக் காற்றில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். தினம் பார்க்கிறதுதானே, யாருக்கும் கண்ணில் படாது.

மீட்டர் ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தோம். நிழல் அரை மீட்டர். தொட்டியின் நிழல் ஆறு மீட்டர். நிழல் பன்னிரண்டு மடங்கு என்றால் உயரமும் பன்னிரண்டு மடங்கு. அதாவது பன்னிரண்டு மீட்டர். பயல்கள் கை தட்டினார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

முனீஸ்வரி மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு தூணிலிருந்து எங்கள் வகுப்புச் சுவர் வரை அளந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே அளந்தாள்.

"டீச்சர், இங்கன பதினொண்ணுதான் இருக்கு. அது சாஞ்சா ஒரு மீட்டர் நம்ம கிளாஸுக்குள்ள வருமா?"

கை தட்டல் நின்றுவிட்டது.

2. ரெண்டு மீட்டர்

ஹெச்.எம். சாரிடம் போனேன்.

"ஏன் டீச்சர், பாடம் நடத்தச் சொன்னா பிள்ளைகளுக்குப் பேதியாகுற மாதிரி பண்ணுறீங்க? இத்தனை வருஷம் நிக்கிறது இன்னைக்கா விழப்போகுது?"

"அது என்னைக்கு விழும்னு நான் கணக்குப் போடலை சார். எங்க விழும்னுதான் போட்டேன்."

"மேல எழுதிப் போட்டாச்சு. வரும்போது வருவாங்க. வேற ரூம் இருந்தா நானே தந்துற மாட்டேனா?"

வேறு ரூம் கிடையாது, அது உண்மைதான். மழைக்காலம் தொடங்கிவிட்டது, மரத்தடியிலும் உட்கார வைக்க முடியாது. பிள்ளைகளும் நானும் பெஞ்சுகளைச் சுவரிலிருந்து உள்ளே தள்ளினோம். ஒரு மீட்டர் போதும்; எதற்கும் இருக்கட்டும் என்று ரெண்டு மீட்டர் விட்டோம். அந்தக் காலி இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, யாரும் தாண்டக்கூடாது என்றேன்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் பாடம் நடத்தியது பாதி மனசோடுதான். மோட்டார் போட்டால் பயம். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் பயம், அத்தனை லிட்டரும் அத்தனை கிலோவாச்சே. வாடைக்காற்று ஜன்னலைப் படார் என்று அடித்தால், கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிடுவேன். பிள்ளைகள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "ஒண்ணுமில்லலே, எழுதுங்க" என்பேன். ஒரு நாள் தொட்டியிலிருந்து பலகை அளவு காரை பெயர்ந்து விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் ஆறாம் வகுப்பே எழுந்து வெளியே ஓடியது.

அன்றைக்கு முனீஸ்வரி தீப்பெட்டியையும் ஈர்க்குச்சியையும் வைத்து ஒரு தொட்டி செய்தாள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். ஹெச்.எம். மேஜையில் எங்கள் வகுப்பைச் சாக்பீஸால் வரைந்து, பதினொரு சென்டிமீட்டர் தள்ளித் தொட்டியை நிறுத்தி, விரலால் சுண்டினாள். தீப்பெட்டி சுவர்க் கோட்டைத் தாண்டி விழுந்தது.

சார் அந்தத் தீப்பெட்டியைத் தானே நிமிர்த்தி வைத்தார். "போ தாயி, கிளாஸுக்குப் போ" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார். அதற்கப்புறம் தினமும் போன் போட்டார். அவருக்கும் பயம் வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

3. படுத்த தொட்டி

தை பிறந்து, ஒரு சனிக்கிழமை ஜே.சி.பி. வந்தது. தூணை உடைத்து, வகுப்புக்கு எதிர்ப்பக்கம் இழுத்துச் சாய்த்தார்கள். விழுந்த அதிர்வு தெருவில் நின்ற எங்கள் காலில் ஏறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போய்த் தொலைஞ்சது சனியன்" என்றேன், டீச்சர் பேசுகிற பேச்சா அது!

தூசி அடங்கியதும் முனீஸ்வரி டேப்போடு ஓடினாள். சாய்ந்து கிடந்ததைத் தூண் அடியிலிருந்து மூடி வரை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"பதிமூணரை வருது டீச்சர்."

"தப்பா பிடிச்சிருப்ப. பன்னெண்டுதான்."

நானே அளந்தேன். பதிமூன்றரை.

அவள் காம்பவுண்டு ஓரத்து மணல்மேட்டில் ஏறி நின்றாள். காற்று கொண்டு வந்து குவித்த மேடு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மீட்டர் இருக்கும். "டீச்சர், அன்னைக்குத் தொட்டி நிழலு இந்த மேட்டு மேலதான விழுந்துச்சு? ஸ்கேல மட்டத் தரையிலதான பிடிச்சோம்?"

ஏறும் மணலில் நிழல் முன்னாலேயே முட்டி, குட்டையாகிவிட்டது. அத்தனை பேரில் ஒருவருக்கும், எனக்கும், அது தோன்றவில்லை. பதிமூன்றரை என்றால் வகுப்புக்குள் இரண்டரை மீட்டர். நாங்கள் விட்டது இரண்டு. கோட்டை ஒட்டிக் கிடந்த முதல் பெஞ்சு, தொட்டி அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அதற்கடியில்தான். முதல் பெஞ்சு முனீஸ்வரியுடையது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நாம பயந்தது பத்தாதா டீச்சர்?"

"பத்தாதுடி" என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

புதிதாக வருகிற டீச்சர்களுக்கு இதைத்தான் சொல்வேன். என் வகுப்பில் நிழல் கணக்கு முடிந்ததும், விடைக்குக் கீழே 'எங்கே நின்று அளந்தோம்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிக்கு மார்க் கிடையாது. அது இல்லாத நோட்டை நான் திருத்துவதில்லை.