கனத்தைக் குறைக்காத கப்பி

ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டதற்கு மறுநாள், ஆடி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, எங்கள் தென்காசிப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முந்தின வாரமே கிணற்றுக் கப்பி ஒன்றை வேப்பங்கிளையில் தொங்கவிட்டு, பிள்ளைகளை இழுத்துப் பார்க்க விட்டிருந்தேன். கயிற்றின் இரண்டு முனையிலும் ஒரே அளவு மணல் பைகளைக் கட்டினார்கள். இரண்டும் அசையாமல் நின்றன. கீழே இழுப்பது வசதி, ஆனால் கனம் குறையவில்லை என்று அவர்களே கண்டுகொண்டார்கள்.

பள்ளித் தாளாளர் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். 'எடையைக் குறைக்கும் எந்திரம் கப்பி.' அதில் கப்பி எலுமிச்சம்பழ அளவு. அவர் முகம் பூசணிக்காய் அளவு.

"தப்பா இருக்கு சார்," என்றேன்.

"அடிச்சாச்சு டீச்சர். இப்பப் போயி தப்புங்கிய! அதுல உள்ளதயே பிள்ள ஒப்பிக்கட்டும். இல்லன்னா வேற பிள்ளய நிப்பாட்டுங்க."

கப்பி பக்கத்தில் நின்று விளக்க வேண்டியவள் கடையநல்லூர் வேனில் வருகிற பெண். தன் உம்மா பார்க்க வருவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "நாந்தான் இழுத்துப் பாத்தேன்லா டீச்சர்? பொய்யா சொல்லணும்?" என்று கேட்டாள். பார்த்ததைச் சொல் என்றேன்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று அவரே மூன்று முறை சொன்னார். ஃப்ளெக்ஸை மைக்கில் வாசித்துவிட்டு, "எடையைக் குறைக்குமாம்! அருமை!" என்றார்.

"குறையாது சார். இழுத்துப் பாருங்க," என்று கயிற்றை நீட்டினாள் அவள். மறுமுனையில் ஒரு வாளி மணல்.

இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வாளி நகரவில்லை.

"நல்லா இழுங்க சார்."

"கப்பி பழசும்மா."

"புதுசு வாங்கச் சொன்னேன் சார், டீச்சர்தான் கேக்கல," என்றார் தாளாளர், கூசாமல். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. விருந்தினர் பஜ்ஜி இருந்த பக்கம் நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

அவள் கயிற்றோடு அப்படியே நின்றாள்.

உம்மா மட்டும் போகவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு வாளியைக் கையால் தூக்கினார், இறக்கினார். பிறகு கயிற்றை வாங்கி இழுத்தார். வாளி மெல்ல மேலே வந்தது. இன்னொரு முறையும் தூக்கிப் பார்த்தார்.

"ஆமாட்டி. ரெண்டும் ஒரே கனந்தான்."

"இவங்ககிட்ட நான் அதத்தான் சொன்னேன் உம்மா," என்றாள் அவள், பஜ்ஜிக் கூட்டத்துக்குக் கேட்கும்படி.